வார்ட்டன் எம்.பி.ஏ. விண்ணப்பம்: கட்டுரைக்கும் குழு நேர்காணலுக்கும் சேர்த்தே தயாராவது எப்படி?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளி, ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபரின் நன்கொடையைக் கொண்டு 1881-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் தொடங்கப்பட்டது. அதன் எம்.பி.ஏ. படிப்பில் சேர விரும்புவோர் ஜிமேட் அல்லது ஜிஆர்இ நுழைவுத் தேர்வு மதிப்பெண், கல்லூரி மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றோடு கட்டுரைகளையும் எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் கட்டத்தைத் தாண்டி நேர்காணலுக்கு அழைக்கப்படுபவர்களுக்கு, பிற முன்னணிப் பள்ளிகளில் பெரும்பாலும் இல்லாத ஒரு தேர்வு முறை இங்கே உண்டு. ஹார்வர்டும் ஸ்டான்போர்டும் விண்ணப்பதாரரைத் தனியாக அழைத்துப் பேசுகின்றன. வார்ட்டனோ 2012 முதல், ஐந்தாறு விண்ணப்பதாரர்களை ஒரே குழுவாகச் சேர்த்து, 35 நிமிடங்களுக்குள் கொடுக்கப்பட்ட பொருள் குறித்துக் கலந்து பேசி ஒரு முடிவை முன்வைக்கச் சொல்கிறது. அது முடிந்த பிறகு ஒவ்வொருவரிடமும் சுமார் பத்து நிமிடம் தனியாகப் பேசுகிறார்கள்.

பெரும்பாலானோர் இந்த இரண்டையும் வெவ்வேறு வேலைகளாகப் பார்க்கிறார்கள். கட்டுரையை எழுதி அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அழைப்பு வந்த பிறகு அவசரமாகக் குழு விவாதப் பயிற்சியில் இறங்குகிறார்கள். இப்படித் தயாராவதால் உழைப்பு இரட்டிப்பாகிறது, பலனோ குறைகிறது என்பது என் உறுதியான கருத்து. வார்ட்டனில் முதலாண்டு மாணவர்கள் ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட கற்றல் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, முக்கியப் பாடங்களின் வேலைகளை ஒன்றாகவே செய்கிறார்கள். கட்டுரை ‘இப்படிப்பட்ட ஒரு குழுவுக்கு நீங்கள் எதைக் கொண்டு வருவீர்கள்’ என்று எழுத்தில் கேட்கிறது. குழு நேர்காணல் அதையே நேரில் செய்து காட்டச் சொல்கிறது. ஆகவே இரண்டுக்கும் ஒரே சரக்கைத்தான் சேகரிக்க வேண்டும். அதை எப்படிச் சேகரிப்பது என்பதிலிருந்து தொடங்குவோம்.

முதல் படி: சம்பவப் பட்டியல்

விண்ணப்பங்களைப் பல சுற்றுகளாக வாங்குகிறார்கள். முதல் சுற்றுக்கான கடைசி நாள் வழக்கமாக செப்டம்பர் தொடக்கத்திலும், இரண்டாம் சுற்றுக்கானது ஜனவரி தொடக்கத்திலும் வரும். அதற்கு மூன்று மாதம் முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வேலையிலும் வீட்டிலும் ஊரிலும் நீங்கள் பிறரோடு சேர்ந்து ஒன்றைச் செய்து முடித்த சம்பவங்களை எழுதத் தொடங்குங்கள். பதவிப் பெயர்களும் விருதுகளும் இந்தப் பட்டியலில் வேண்டியதில்லை. அவை சுயவிவரக் குறிப்பில் ஏற்கெனவே இருக்கும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் கீழே நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: யார் யார் இருந்தார்கள், எதில் கருத்து வேறுபாடு வந்தது, நீங்கள் சொன்னதும் செய்ததும் என்ன, அதனால் எது மாறியது. தோற்றுப்போன முயற்சிகளும் இதில் இடம்பெறட்டும்.

கணினித் துறையில் ஐந்தாறு ஆண்டு வேலை பார்த்த இந்தியப் பொறியாளர்கள் இந்தப் படியைக் கூடுதல் அக்கறையோடு செய்ய வேண்டும். அவர்களைப் போலவே படிப்பும் பணியும் கொண்ட பலர் அதே சுற்றில் விண்ணப்பிப்பதால், ‘எட்டுப் பேர் கொண்ட அணியை வழிநடத்தினேன்’ என்ற வரி யாரையும் தனித்துக் காட்டாது. அந்த எட்டுப் பேரில் ஒருவர் வேலையை விட்டுப் போக முடிவெடுத்த நாளில் நீங்கள் அவரிடம் என்ன பேசினீர்கள் என்பது வேறு எவரிடமும் இருக்க முடியாத செய்தி. பதினைந்து சம்பவங்களாவது சேரும் வரை கட்டுரை எழுத உட்கார வேண்டாம்.

இரண்டாம் படி: இலக்கைச் சொல்லும் சிறு பதில்கள்

கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால் பள்ளியின் இணையதளத்தில் வெளியாகும் அந்த ஆண்டுக் கேள்விகளையே பின்பற்ற வேண்டும். 2025-ஆம் ஆண்டு விண்ணப்பத்தில், படிப்பு முடிந்த உடனே என்ன வேலைக்குப் போக விரும்புகிறீர்கள் என்று 50 சொற்களிலும், படிப்புக்குப் பிந்தைய முதல் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கான திட்டம் எப்படி நெடுங்கால இலக்குக்குக் கொண்டு போகும் என்று 150 சொற்களிலும் பதில் கேட்டார்கள்.

50 சொற்களில் அலங்காரத்துக்கு இடமில்லை. என்ன பதவி, எந்தத் துறை, எப்படிப்பட்ட நிறுவனம், எந்த நாடு அல்லது நகரம் என்ற நான்கும் வந்தால் போதும். 150 சொல் பதிலில் ‘உலகளாவிய தலைவராக வேண்டும்’ என்பது போன்ற வரிகளைத் தயங்காமல் வெட்டுங்கள். இன்று நீங்கள் செய்யும் வேலையிலிருந்து அந்த இலக்குக்குப் போக எந்தத் திறன் உங்களிடம் குறைகிறது என்பதைச் சொல்லும் வாக்கியம்தான் இதில் முதுகெலும்பு. அந்தக் குறை தெளிவாகத் தெரிந்தால்தான் படிப்பு ஏன் தேவை என்பது படிப்பவருக்கு விளங்கும். இந்தப் பதில்களுக்கு இதற்கு மேல் நேரம் செலவிடத் தேவையில்லை.

மூன்றாம் படி: பங்களிப்புக் கட்டுரை

உண்மையான உழைப்பு இங்கேதான். உங்கள் பின்னணியை வைத்துப் பார்க்கும்போது வார்ட்டன் சமூகத்துக்கு நீங்கள் எப்படிப் பயன்படுவீர்கள் என்பது கேள்வி. 2025-ல் இதற்கு 350 சொற்கள். விண்ணப்பதாரர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: பள்ளியின் இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மெக்நல்டி தலைமைத்துவத் திட்டம், லாடர் நிறுவனம், சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் ஒரு பருவம், இன்ன மாணவர் சங்கம் என்று பெயர்களை அடுக்கி, அவற்றில் ‘ஆர்வத்துடன் பங்கேற்பேன்’ என்று முடிப்பார்கள். அது பள்ளி தருவதைப் பள்ளிக்கே திருப்பிச் சொல்வது. அதில் கொடுப்பவராக நீங்கள் எங்குமே தென்படுவதில்லை.

ஒரு கற்பனை விண்ணப்பதாரரை எடுத்துக்கொண்டு இதை விரிவாகப் பார்க்கலாம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஐந்தாண்டு மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போகும் வரை எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பவராக, வேலை பார்த்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முதல் வரைவில் இப்படி ஒரு வரி இருக்கிறது: ‘நெருக்கடியான சூழலில் பல துறைகளை ஒருங்கிணைத்து, தலைமைப் பண்பை வெளிப்படுத்தி, ஆர்டரைக் குறித்த நேரத்தில் முடித்தேன்.’ இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பார்க்கக் கிடைப்பதும் எதுவும் இல்லை.

சம்பவப் பட்டியலைப் புரட்டினால் அதே நிகழ்ச்சி வேறு மாதிரி இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கு கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது, தரம் பார்க்கும் செக்கிங் மேசையில் துணியின் ஷேடு (நிறச்சாயல்) மூன்று விதமாக இருப்பது தெரிகிறது. டையிங் மாஸ்டர் மறுபடி சாயமேற்றலாம் என்கிறார். அதற்கு ஒரு வாரம் ஆகும். கணக்குப் பிரிவு, தேதி தப்பினால் விமானத்தில் அனுப்பும் செலவு முழுவதும் நம் தலையில் விழும் என்கிறது. இவர் இரண்டு தரப்பையும் ஒரே மேசைக்கு அழைத்து, சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் எதைப் பொறுத்துக்கொள்வார், எதைப் பொறுக்க மாட்டார் என்று முதலில் கேட்கிறார். ஒரே சட்டையின் உடலும் கையும் வேறு ஷேடில் இருந்தால்தான் மறுப்பார்கள், பெட்டிக்குப் பெட்டி இலேசான வேறுபாட்டுக்கு முன் அனுமதி கேட்டுப் பார்க்கலாம் என்று செக்கிங் பிரிவில் பல ஆண்டு அனுபவமுள்ள ஒரு மூத்த பெண் சொல்கிறார். துணித் துண்டுகளை ஷேடுவாரியாகப் பிரித்துத் தைத்து, ஷேடுவாரியாகவே பெட்டியில் அடுக்கி, பையரிடம் மறைக்காமல் தெரிவித்து ஒப்புதல் வாங்குகிறார்கள். சரக்கு கப்பலில் போகிறது.

இந்தச் சம்பவத்தில் மெர்ச்சண்டைசரின் பங்கு தீர்வைக் கண்டுபிடித்ததில் இல்லை. தீர்வு தெரிந்த ஒருவர் வாய் திறக்கும்படியான கேள்வியைக் கேட்டதில் இருக்கிறது. அதைத்தான் கட்டுரையில் எழுத வேண்டும். முதல் 150 சொற்களில் சம்பவம்; அடுத்த 150 சொற்களில் அந்தப் பழக்கம் வார்ட்டனில் எங்கே பயன்படும் என்பது. கற்றல் குழுவில் நிதித்துறையிலிருந்து வந்த இருவர் வேகமாக ஒரு முடிவுக்கு வந்துவிடும்போது, பேசாமல் இருக்கும் நான்காவது ஆளிடம் உள்ள தகவலை வெளியே கொண்டுவருவது இவரால் முடியும். சில்லறை வணிக மாணவர் சங்கத்தில், தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து கொள்முதலைப் பார்க்கும் ஓர் அமர்வை நடத்த முடியும். மீதமுள்ள 50 சொற்கள் இவற்றை இணைக்கும் வாக்கியங்களுக்குச் செலவாகும். பள்ளியின் திட்டங்களில் ஒன்றோ இரண்டோ பெயர் வந்தால் போதும், அவையும் உங்கள் அனுபவத்தோடு நேரடியாக ஒட்ட வேண்டும்.

நான்காம் படி: திருத்தமும் பிறர் பார்வையும்

வரைவை எழுதி முடித்ததும் சில நாள் தொடாமல் வையுங்கள். பிறகு இரண்டு பேரிடம் மட்டும் காட்டுங்கள்: உங்களோடு வேலை பார்த்த ஒருவர், உங்கள் துறையே தெரியாத ஒருவர். முதலாமவர் ‘இது உண்மையில் நடந்ததுதானா’ என்று பார்ப்பார். இரண்டாமவர் எந்த வரியில் புரியாமல் நிற்கிறார் என்று நீங்கள் பார்க்கலாம். ஐந்தாறு பேரிடம் காட்டினால் ஒவ்வொருவரும் ஒரு வாக்கியத்தை மழுங்கடிப்பார்கள். கடைசியில் கட்டுரையில் யாருடைய குரலும் இருக்காது.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடமோ கட்டண ஆலோசகரிடமோ கொடுத்து எழுதி வாங்குவதை நான் மிகக் கடுமையாக எதிர்க்கிறேன். விண்ணப்பத்தில் உள்ளவை தம்முடைய சொந்த எழுத்து என்று விண்ணப்பதாரரே உறுதியளிக்கிறார் என்பது ஒரு காரணம். அதைவிட நடைமுறையான காரணமும் உண்டு: பிறர் எழுதிய கட்டுரையில் இருக்கும் மனிதரை, சில மாதம் கழித்து முன்பின் தெரியாத ஐந்து பேர் நடுவே நீங்கள் நடித்துக் காட்ட முடியாது.

ஐந்தாம் படி: அழைப்பு வந்த பிறகு

முதல் சுற்றுக்கான அழைப்புகள் பொதுவாக அக்டோபர் கடைசியிலும், இரண்டாம் சுற்றுக்கானவை பிப்ரவரியிலும் வருகின்றன. அண்மை ஆண்டுகளில் குழு விவாதம் இணையவழியில் நடக்கிறது. இந்தியாவிலிருந்து கலந்துகொள்பவர்கள் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனமாக இருக்க வேண்டும்: பிலடெல்பியா நேரம் நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியது, நவம்பர் முதல் ஞாயிறும் மார்ச் இரண்டாம் ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றும் நாட்கள். நள்ளிரவு தாண்டிய நேரம் மட்டுமே மிஞ்சுவதற்குள், அழைப்பு வந்த அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

விவாதப் பொருளை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். அது பெரும்பாலும் மாணவர்களுக்கான ஏதாவதொரு திட்டத்தையோ நிகழ்ச்சியையோ வடிவமைப்பதாக இருக்கும். ‘முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வார வெளிநாட்டுக் கற்றல் பயணத்தை வடிவமையுங்கள்’ என்பது பொருள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம் யோசனையை முதலில் ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்தில் நிதானமாகப் பேசினால் ஆங்கிலத்தில் 130 முதல் 150 சொற்கள்தான் அடங்கும். எனவே யோசனை ஒன்று, அதற்கான காரணம் ஒன்று, நடத்தும் முறை ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம் மெர்ச்சண்டைசர் திருப்பூருக்கே ஒரு பயணத்தை முன்வைக்கிறார். ஒரு பனியன் நூலாகத் தொடங்கி நிட்டிங், டையிங், தையல், செக்கிங் வழியாகத் துறைமுகம் சேரும் வரை மாணவர்கள் அதன் கூடவே போகிறார்கள். சாயக்கழிவுநீர்ப் பிரச்சினையால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு அந்த ஊர் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு எப்படி மாறியது என்பதை ஒரு நாள் முழுக்கப் பார்க்கிறார்கள். இந்த யோசனை அவருடைய கட்டுரை எந்த மண்ணிலிருந்து வந்ததோ அங்கிருந்தே வந்தது என்பதால், யார் எந்தக் கேள்வி கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும். நீங்களும் பொருளைப் பார்த்தவுடன் இணையத்தில் தேடப் போகாமல் முதலில் உங்கள் சம்பவப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

ஆறாம் படி: 35 நிமிடம்

ஆறு பேர் ஒவ்வொரு நிமிடம் பேசினால் ஆறு நிமிடம் போய்விடும். கடைசியில் முடிவை முன்வைக்க ஐந்து நிமிடத்தை ஒதுக்கினால், பேசிப் பேசி ஒன்றை உருவாக்க மிஞ்சுவது ஏறக்குறைய 24 நிமிடம். இந்தக் கணக்கு உங்கள் மனத்தில் இருக்கட்டும். நேரம் பார்ப்பதை அறிவித்துவிட்டு அதை மட்டுமே செய்துகொண்டிருப்பவருக்கு அதனால் பெரிய நன்மை ஒன்றும் இல்லை.

நம் நாட்டில் பயிற்சி மையங்கள் கற்றுத்தந்த குழு விவாதப் பழக்கம் இங்கே தீங்கு செய்யும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலில் பேசினால் மதிப்பெண், அதிகமுறை பேசினால் மதிப்பெண், அடுத்தவர் மூச்சு விடும் இடைவெளியில் நுழைவது திறமை என்று பழகியவர்கள் வார்ட்டன் குழுவில் ஐந்தே நிமிடத்தில் தனித்துத் தெரிந்துவிடுவார்கள். ஐ.ஐ.எம்.களில் பலவும் அந்த முறையைக் கைவிட்டு எழுத்துத் திறன் தேர்வுக்கு மாறிவிட்டன. இங்கே விவாதத்தைக் கவனித்து மதிப்பிடுபவர் குறித்துக்கொள்வது நீங்கள் எத்தனை முறை பேசினீர்கள் என்பதை அல்ல. நீங்கள் பேசிய பிறகு குழு எங்கே போனது என்பதைத்தான். இன்னொருவர் தோற்றால்தான் நீங்கள் வெல்வீர்கள் என்பதும் இல்லை. ஒரே குழுவிலிருந்து பலர் தேர்வாகலாம், ஒருவர்கூடத் தேர்வாகாமலும் போகலாம்.

அந்த 24 நிமிடத்தில் நடக்கக்கூடிய ஒரு திருப்பத்தைப் பார்ப்போம். திருப்பூர் யோசனைக்கு எதிராக இன்னொருவர் நைரோபியை முன்வைக்கிறார். 2007-ல் கென்யாவில் தொடங்கிய எம்-பெசா கைபேசிப் பணப்பரிமாற்றத்தை மாணவர்கள் நேரில் பார்க்கலாம் என்பது அவர் வாதம். மூவர் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். இந்த இடத்தில் மெர்ச்சண்டைசர் தம் ஊருக்காக வாதாடிக்கொண்டே இருக்கலாம். ‘எல்லாமே நல்ல யோசனைகள்’ என்று பின்வாங்கியும் விடலாம். இரண்டாலும் குழுவுக்கு லாபமில்லை. அவர் சொல்ல வேண்டியது இப்படி இருக்கலாம்: ‘நைரோபியே இருக்கட்டும். ஒரே பொருளின் பின்னால் கடைசி வரை போவது என்ற முறையை மட்டும் என் யோசனையிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா? ஒரு சந்தை வியாபாரி காலையில் வாங்கும் ஒரு தொகை, முகவர், வங்கி என்று எங்கெல்லாம் போகிறது என்பதை மாணவர்கள் பின்தொடர்ந்தால், பயணத்துக்கு ஒரு வரிசை கிடைத்துவிடும். நீங்கள் இன்னும் பேசவில்லை, வங்கித் துறையில் இருந்ததாகச் சொன்னீர்களே, அந்த முகவர் கட்டம் நடைமுறையில் எப்படி இருக்கும்?’ ஊரை விட்டுக்கொடுத்து, முறையைக் கொடுத்து, பேசாதவரை உள்ளே அழைத்துவிட்டார். செக்கிங் மேசையில் செய்ததும் இதே வேலைதான்.

ஒருவர் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் அவரோடு மோத வேண்டாம். அவர் கடைசியாகச் சொன்னதை ஒரே வாக்கியத்தில் சுருக்கி, ‘இதை ஏற்றுக்கொண்டு அடுத்ததாகச் செலவைப் பார்ப்போமா’ என்று நகர்த்தினால் அவருக்கும் மனவருத்தம் இருக்காது. விவாதம் இரண்டு யோசனைகளுக்கிடையே மாட்டிக்கொண்டால், எந்த அளவுகோலை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்று கேளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் யார் எதைச் சொல்வது என்று பகிர்ந்துகொள்ளும்போது, ஒரு பகுதிக்கு மேல் கேட்க வேண்டாம்.

ஏழாம் படி: ஒத்திகை

அழைப்பு பெற்ற விண்ணப்பதாரர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து ஒத்திகைக் குழுக்கள் அமைத்துக்கொள்வது வழக்கம். மூன்று அல்லது நான்கு முறை போதும்; அதற்கு மேல் போனால் வாக்கியங்கள் மனப்பாடமாகி, உண்மையான குழுவில் பிறர் சொல்வது காதில் ஏறாமல் போகும். ஒத்திகையைப் பதிவு செய்து, உங்கள் ஒலியை நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். பிறர் பேசும்போது நீங்கள் கேட்கிறீர்களா, உங்கள் முறைக்குக் காத்திருக்கிறீர்களா என்பது அதில் தெரிந்துவிடும். ஓர் ஒத்திகையிலாவது வேண்டுமென்றே மிகக் குறைவாகப் பேசுபவரையும் நிறுத்தாமல் பேசுபவரையும் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு, இணைய இணைப்புக்கு இரண்டாவது வழி, காதில் பொருத்தும் ஒலிவாங்கி ஆகியவற்றையும் அன்றைக்கே சோதித்துவிடலாம்.

எட்டாம் படி: தனிப் பேச்சு

குழு விவாதத்தைத் தொடர்ந்து வரும் பத்து நிமிடத்தில், விவாதம் எப்படிப் போனது, உங்கள் பங்கு என்ன, அது வழக்கமாக நீங்கள் வேலை செய்யும் விதம்தானா என்று கேட்கலாம். ஏன் எம்.பி.ஏ., ஏன் வார்ட்டன் என்பதற்கு இரண்டு நிமிடத்தில் முடியும் பதில் இருக்கட்டும். அது உங்கள் 50 சொல், 150 சொல் பதில்களோடு முரண்படாமல் இருக்க வேண்டும், ஆனால் அவற்றை ஒப்பிப்பதாக இருக்கக் கூடாது. விவாதத்தைப் பற்றிக் கேட்டால் குழுவினரைக் குறை சொல்லாமலும் வெறுமனே புகழாமலும், இன்னார் சொன்ன இன்ன கருத்தால் என் யோசனை இப்படி மாறியது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அதற்காகவே விவாதத்தின்போது மற்ற ஐவரின் பெயரையும் ஒவ்வொருவரும் சொன்னதில் ஒரு வரியையும் தாளில் குறித்து வையுங்கள். இன்னொரு முறை வாய்ப்புக் கிடைத்தால் எதை மாற்றிச் செய்வீர்கள் என்று கேட்டால், ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால் அது உடனே தெரியும்.

கடைசியில் உங்களிடம் கேள்வி உண்டா என்பார்கள். இணையதளத்தில் பதில் இருக்கும் எதையும் கேட்க வேண்டாம். கற்றல் குழுவில் ஒருவர் தொடர்ந்து பங்களிக்காமல் இருந்தால் மற்றவர்கள் அதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பது போல, அங்கே படித்தவர் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்.